கிராஸ் டன்னேஜ்: எடையைச் சொல்லாத டன்

ஓர் ஆய்வுக் கப்பல் இப்போது எங்கே போகிறது என்று இணைய வரைபடத்தில் தேடிப் புள்ளியைத் தொட்டால் வேகம், திசை, நீளம், அகலம் எல்லாம் வரிசையாக வரும், கூடவே கிராஸ் டன்னேஜ் என்று ஓர் எண்ணும் வரும். அதைப் பார்த்துவிட்டு "இத்தனை ஆயிரம் டன் எடையுள்ள கப்பல்" என்று எழுதிவிடுகிறார்கள், செய்திகளில்கூட. அது எடையே இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்பதிலிருந்து கணக்கிட்ட எண்.

குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. டன் என்பது முதலில் ஒரு பெரிய மரப்பீப்பாய், 252 வைன் கேலன், அதாவது சுமார் 950 லிட்டர் பிடிக்கும். மத்தியகால இங்கிலாந்தில் இறக்குமதியாகும் வைனுக்குப் பீப்பாய்க் கணக்கில் வரி வாங்கினார்கள், அந்த வரிக்குப் பெயர்தான் டன்னேஜ். எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதே கப்பலின் அளவாகவும் ஆனது. நிரம்பிய பீப்பாய் ஏறக்குறைய ஆயிரம் கிலோ பாரம் வருமல்லவா, அந்த வழியில் அதே சொல் எடைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1854-இல் பிரிட்டன் 100 கன அடியை ஒரு பதிவு டன் என்று வைத்தது. 1969-இல் கையெழுத்தாகி 1982-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதையும் மாற்றிவிட்டது: மூடிய இடத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து, அதன் 10 அடிமான மடக்கையை (log) 0.02-ஆல் பெருக்கி, 0.2 கூட்டி, வருவதைக் கன அளவால் பெருக்க வேண்டும். 10,000 கன மீட்டர் என்றால் விடை 2,800. இதற்கு அலகு கிடையாது, பின்னால் 'டன்' போடவே கூடாது.

ஜெர்மனியின் பனியுடைக்கும் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டெர்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிராஸ் டன்னேஜ் 12 ஆயிரத்துக்குச் சற்று மேல், ஆனால் முழுச் சுமையோடு அது விலக்கும் நீரின் எடை 17,300 டன். இரண்டும் சரி, இரண்டும் வேறு.

இந்த எண்ணுக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது. பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலுக்கு இது 300 அல்லது அதற்கு மேல் இருந்தால், தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி கட்டாயம். நாம் வரைபடத்தில் பார்க்கும் புள்ளிகளே அந்தக் கருவியால் வருபவைதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மொத்த எடை' தப்பு, 'மொத்த டன்' அரைகுறை. 'மொத்தக் கொள்ளளவு எண்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, அலகில்லாதது என்பதை 'எண்' சொல்லிவிடும். நமக்கு இது அந்நியமான சிந்தனையும் இல்லை. கலம் என்றால் பாத்திரம், கலம் என்றால் கப்பல், நெல் அளக்கும் முகத்தலளவைக்கும் கலம் என்றே பெயர். சரக்கும் பயணிகளும் கொள்ளும் இடத்தை வைத்துக் கணக்கிடும் நெட் டன்னேஜை நிகரக் கொள்ளளவு எண் என்றும், சரக்கு, எரிபொருள் என்று கப்பல் தாங்கக்கூடிய எடையான டெட்வெயிட்டைச் சுமைதிறன் என்றும், கப்பல் விலக்கும் நீரின் எடையான டிஸ்ப்ளேஸ்மென்ட்டை இடப்பெயர்ச்சி எடை என்றும் எழுதலாம், கடைசி இரண்டுக்கு மட்டும் தாராளமாக டன் போடுங்கள்.