மூன்று கால் ஐ.சி.யை மாற்றும் முன்

பழுது பார்க்க என் மேசைக்கு வரும் சர்க்யூட் பலகைகளில் ஒரு ரகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நிலையான 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7805 ஐ.சி. மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். அதன் கால்களைச் சுற்றி, பலமுறை சாலிடரை உருக்கிப் பிடுங்கிய கறை படிந்திருக்கும். "5 வோல்ட் நிலையாக நிற்கவில்லை, ஐ.சி.யை மாற்றியும் சரியாகவில்லை" என்பதுதான் கூடவே வரும் புகார்.

ஐ.சி. மேல் பழி போடுவது எளிது. ஆனால் 1969-இல் ராபர்ட் விட்லர் எல்எம்309-ஐ வடிவமைத்த காலத்திலிருந்தே இந்த மூன்று கால் ரெகுலேட்டர்கள் தற்காப்போடுதான் வருகின்றன. மின்னோட்டம் மிஞ்சினால் கட்டுப்படுத்தும். சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும். அவ்வளவு சீக்கிரம் சாகாத பொருள் இது. குறை பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பக்கத்திலோ இருக்கிறது.

ஒரு பலகையில் ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கும்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. மல்டிமீட்டரில் ரெகுலேட்டரின் உள்ளீடு 8 வோல்ட்டுக்குச் சற்று மேல், வெளியீடு 4.9. யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டியதும் உண்மை வெளியே வந்தது. உள்ளீடு ரம்பப் பல் போல 9.9-க்கு ஏறி 6.3-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பல்லின் அடியிலும் வெளியீட்டுக் கோடு 4.4 வரை குழிந்து எழுந்தது. வினாடிக்கு 100 குழிகள். மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. அந்தக் குழிகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. 7805-க்கு வெளியீட்டைவிட உள்ளீடு ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக இருந்தாக வேண்டும், அதாவது 7. அந்தப் பலகையில், ரெகுலேட்டருக்கு முன்னால் அலையைச் சமன் செய்ய வேண்டிய வடிகட்டும் மின்தேக்கி காய்ந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் எல்லாம் சரியானது. ஐ.சி.யை நான் தொடவே இல்லை.

ஆகவே வடிவமைக்கும்போது நான் முதலில் கணக்கிடுவது உள்ளீட்டு அலையின் பள்ளத்தை. சராசரியையும் உச்சத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தை, அதை ஒருதிசையாக்கும் பிரிட்ஜ் டயோடுகள் வழியே எடுத்தால் 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை மின்தேக்கி நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் சுமைக்கு அது ஒன்றுதான் துணை. மின்னோட்டத்தை அந்த நேரத்தால் பெருக்கி மின்தேக்கியின் அளவால் வகுத்தால் எத்தனை வோல்ட் சரியும் என்பது கிடைக்கும். 1 ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட் என்றால் 2.1 வோல்ட். அதே இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 10 வோல்ட் சரியும். அதற்குப் பேசாமல் மின்தேக்கியே போடாமல் விட்டுவிடலாம்.

9 வோல்ட் மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். அதன் அலையின் உச்சம் 1.41 மடங்கு, அதாவது 12.7. மின்சாரம் 10 சதவீதம் குறைந்த நேரத்தில் அது 11.4 ஆகும். இரண்டு டயோடுகளும் சேர்ந்து 2 வோல்ட் வரை விழுங்கும். மின்னோட்டம் குறுகிய துடிப்புகளாகப் பாய்வதால் டயோடுக்கு 0.7 வீதம் 1.4 என்ற பாடப்புத்தக எண் இங்கே போதாது. மீதி 9.4. இதிலிருந்து 2.1 போனால் 7.3. தப்பித்தோம் என்று நினைக்கலாம். ஆனால் இங்கே போடும் எலக்ட்ரோலிட்டிக் ரக மின்தேக்கியின் அளவு, அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை குறைவாக இருக்க இடமுண்டு. அதையும் சேர்த்தால் பள்ளம் 6.8-க்குப் போய்விடும். நான் இங்கே 6800 மைக்ரோஃபாரட் போடுவேன். மின்மாற்றியையும் 1 ஆம்பியருக்கு வாங்கமாட்டேன். பிரிட்ஜுக்குப் பின் மின்தேக்கி இருந்தால், சுமை மின்னோட்டத்தைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும்.

'இவ்வளவு தலைவலி எதற்கு, 12 வோல்ட் மின்மாற்றி போட்டால் போகிறது' என்று பலரும் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். பள்ளம் நிச்சயமாகத் தீர்ந்துவிடும், சூடு ஆரம்பிக்கும். உள்ளீட்டின் சராசரி 14 வோல்ட் என்றால், 5 போக மிச்சமுள்ள 9 வோல்ட்டை ரெகுலேட்டர் தன் உடம்பில் எரித்துத் தீர்க்க வேண்டும். 1 ஆம்பியருக்கு 9 வாட். சுமைக்குப் போவதே 5 வாட்தான்.

தகடு வைத்த வழக்கமான டிஓ-220 உறையில், ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லையென்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளிருக்கும் சிலிக்கான் சுமார் 65 டிகிரி சூடேறும். மூடிய பெட்டிக்குள் காற்றே 50 டிகிரி இருக்கும் என்று வையுங்கள். சிலிக்கானின் எல்லை 125. மிச்சம் 75 டிகிரி, அதாவது 1.15 வாட். 9 வோல்ட் இடைவெளியில் அது 130 மில்லிஆம்பியருக்கும் குறைவு. '1 ஆம்பியர் ரெகுலேட்டர்' என்று நம்பி வாங்கிய பொருளின் நிலை இதுதான். அதற்கு மேல் கேட்டால் ஐ.சி. தானே அணையும், ஆறும், மீண்டும் எழும். கருவி சிறிது நேரம் ஓடி நின்று, பிறகு தானாகவே ஓடும். லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து ஒயர்களை ஆட்டிப் பார்ப்பவர்களே அதிகம்.

9 வோல்ட் மின்மாற்றிக்கும் ஹீட்சிங்க் தேவைதான். மின்சாரம் 10 சதவீதம் கூடிய நேரத்தில் உள்ளீட்டின் சராசரி 11.25 வரை ஏறும்; எரியும் வெப்பம் 6.25 வாட். சிலிக்கான் 110 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வைத்தால், வாட்டுக்கு 9.6 டிகிரிதான் அனுமதி. உறைக்குள்ளேயே 5, இடையில் தடவும் பசைக்கும் மின்காப்புக்கு வைக்கும் மைக்காவுக்கும் 1 என்று கழித்தால், ஹீட்சிங்க் வாட்டுக்கு 3.6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கிளிப் போல மாட்டும் சின்னத் தகடுகள் 20 டிகிரி ரகம், அவை கண்துடைப்பு. இன்னொன்று: அந்த ஹீட்சிங்கை ஒட்டி வடிகட்டும் மின்தேக்கியை நிறுத்தாதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காய்ந்த மின்தேக்கிகளில் பல இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தவை.

அடுத்தது அலைவு, அதாவது ரெகுலேட்டரின் வெளியீடு தானாகவே வேகமாக ஏறி இறங்குவது. 7805-இன் உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் என்று டேட்டாஷீட் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. பலகையின் அந்தக் கோடியில் இல்லாமல், கால்களை ஒட்டியே அவை இருக்க வேண்டும். எல்எம்2940 போன்ற, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் குறைந்த இடைவெளி இருந்தாலே வேலை செய்யும் ரகங்களில் கண்டிப்பு இன்னும் அதிகம். வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் வேண்டும். அந்த மின்தேக்கியின் உள்தடையும் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும், கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. 'நல்லதாகப் போடுவோமே' என்று எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு, உள்தடை ஏறக்குறைய இல்லாத செராமிக்கை வைத்தால் ரெகுலேட்டர் ஆசிலேட்டராக மாறிவிடலாம். மல்டிமீட்டரோ அப்போதும் அமைதியாக 5.00 என்று காட்டும்.

வெளியீட்டு வோல்ட்டை இரண்டு மின்தடைகளால் நாமே அமைத்துக்கொள்ளும் ரெகுலேட்டரான எல்எம்317 பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வார்த்தை. எல்லா வரைபடங்களிலும் தென்படும் 240 ஓம் மின்தடை வழியே 5 மில்லிஆம்பியர்தான் ஓடும். அதே குடும்பத்தின் உயர்தர ரகமான எல்எம்117-க்கு அது போதும். எல்எம்317-க்கு மோசமான நிலையில் 10 மில்லிஆம்பியர் சுமை தேவைப்படலாம், இல்லையென்றால் சுமையற்ற நேரத்தில் வெளியீடு மேலே ஏறும். 120 ஓம் போட்டால் கவலையில்லை. அந்த மின்தடையின் மேல் முனையை ரெகுலேட்டரின் வெளியீட்டுக் காலிலேயே சேருங்கள். இரண்டாவது மின்தடையின் கீழ் முனையைச் சுமையின் கிரவுண்டில் சேருங்கள்.

கால்களின் வரிசையை மனப்பாடத்தில் நம்பாதீர்கள். 7805-இல் முதல் கால் உள்ளீடு, தகடு கிரவுண்ட். மைனஸ் 5 வோல்ட் தரும் 7905-இல் முதல் கால் கிரவுண்ட், தகடு உள்ளீடு. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் திருகினால் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போதே தெரிந்துவிடும். வெளியீட்டில் பெரிய மின்தேக்கி இருந்தால், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு 1என்4007 டயோடு போட்டுவிடுங்கள். உள்ளீடு திடீரென ஷார்ட் ஆனால் மின்தேக்கியின் சேமிப்பு ஐ.சி.க்குள் எதிர்த்திசையில் பாயாமல் அது காக்கும்.

பெட்டியை மூடும் முன் இரண்டு சோதனைகள். வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) மின்சாரத்தை 10 சதவீதம் குறைத்து, முழுச் சுமையில் பள்ளத்தை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். பிறகு 10 சதவீதம் கூட்டி, மூடிய பெட்டியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தகட்டின் வெப்பத்தை அளந்து, வாட்டுக்கு 5 டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டில் 80 என்றால் 6.25 வாட்டில் உள்ளே 111 டிகிரி இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ரெகுலேட்டர் ஒருநாள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். அப்போது உள்ளீடு முழுவதும் அப்படியே 5 வோல்ட் சில்லுகளின் மேல் வந்து விழும். பின்னால் விலையுயர்ந்த பொருள் இருந்தால் ஒரு 5.6 வோல்ட் ஜீனரும் (வோல்ட் மிஞ்சினால் கடத்தும் டயோடு) எஸ்சிஆரும் (ஒரு தூண்டலில் திறந்துகொள்ளும் மின்னணுச் சுவிட்ச்) கொண்ட குரோபார் என்ற காப்புச் சுற்றை வையுங்கள். எஸ்சிஆர் விழித்துக்கொண்டு வெளியீட்டைக் கிரவுண்டோடு இணைத்தாலும், அந்த மின்னோட்டத்தை அறுக்க ஆள் வேண்டும். அதனால் ஃபியூஸ், வடிகட்டும் மின்தேக்கிக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இருக்கட்டும்.