ஒலியால் ஒளிப் பண்பேற்றம்: சொல் விளக்கம்

ஒலியைக் கொண்டு ஒளிக்கதிரை மாற்றும் முறைக்கு ஆங்கிலத்தில் 'அக்கூஸ்டோ-ஆப்டிக் மாடுலேஷன்' என்று பெயர். இந்தத் தொடரில் முதல் இரண்டு சொற்களும் கிரேக்க வேர் கொண்டவை: ஒன்று கேட்பதைக் குறிக்கும், மற்றொன்று பார்ப்பதை. மூன்றாவது இலத்தீன். 'மாடுலாரி' என்றால் அளவோடு பாடுதல். பாட்டுக்காரர்களிடமிருந்து வானொலிப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட சொல். நம் பாடநூல்களில் இது பண்பேற்றம். அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய பண்புகளில் ஒன்றில் செய்தியை ஏற்றுவதால் பொருத்தமான பெயர்தான்.

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. 'ஒலி-ஒளிப் பண்பேற்றம்' என்று எழுதினால், கல்யாணத்துக்கு மைக்செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுபவரின் போர்டு போல ஆகிவிடுகிறது. எது எதை மாற்றுகிறது என்று தெரிவதில்லை. மூன்றாம் வேற்றுமை இருக்கும்போது இடைக்கோடு எதற்கு? 'ஒலியால் ஒளிப் பண்பேற்றம்' என்றே சொல்லலாம்.

ஒலி ஒளியைச் சிதறடிக்கும் என்று 1922இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரில்லுவான் கணித்தார். 1932இல் அமெரிக்காவில் டெபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிகாரும் அதைச் செய்து காட்டினார்கள். ஒரே கதிர் பல கீற்றுகளாகப் பிரிவதற்குக் கணித விளக்கம் கொடுத்தவர்கள் பெங்களூரில் இருந்த சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் (1935-36).

கருவி எளிமையானது. டெலூரியம் டை ஆக்சைடு போன்ற படிகத்தின் ஒரு முகத்தில் அழுத்தமின் தகடு ஒட்டியிருக்கும். மின்னழுத்தம் மாற மாறத் தகடு அதிரும். படிகத்துக்குள் நெருக்கமும் தளர்வுமாக ஒலி ஓடும். ஒளிவிலகல் எண்ணும் அதே வரிசையில் ஏறி இறங்குவதால், படிகம் கீற்றணியாக (நெருக்கமான கோடுகளால் ஒளியை வளைக்கும் அமைப்பாக) மாறிக் கதிரைத் திருப்பும். ஒலியை நிறுத்தினால் கதிர் நேரே போய்விடும்.

இங்கே மாற்றப்படுவது லேசரை விட்டு வெளியே வந்துவிட்ட ஒளி. லேசருக்குள்ளேயே ஒலியைச் செலுத்துவது வேறு சங்கதி. 2020இல் லீட்ஸ், நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெராஹெர்ட்ஸ் குவாண்டம் அருவி லேசரில் இதைச் செய்தார்கள். எலெக்ட்ரான்கள் அருவிபோல் படிப்படியாக இறங்கி, நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட அலையை உமிழும் குறைகடத்தி லேசர் அது. குறைகடத்திச் சில்லின் மறுபக்கத்தில் அலுமினியப் படலம். அதன்மேல் இன்னொரு லேசரின் மிகக்குறுந்துடிப்பு விழும். படலம் சட்டென்று சூடாகி விரிய, ஒலித்துடிப்பு ஒன்று சில்லுக்குள் பாயும். அது குவாண்டம் கிணறுகளை (எலெக்ட்ரானைச் சிறைப்படுத்தும் மெல்லிய அடுக்குகளை) அடையும்போது ஆற்றல் மட்டங்கள் அசைந்து, எலெக்ட்ரான் ஓட்டமும் ஒளியின் திறனும் மாறும். அந்தச் சோதனையில் கிடைத்த அதிகபட்ச மாற்றம் 6 விழுக்காடு.

இதில் ஒலி கதிரைத் திருப்பவில்லை, எலெக்ட்ரானைத்தான் தொடுகிறது. ஆகவே இதற்கு 'ஒலியால் லேசர் பண்பேற்றம்' என்பதே சரி. லேசரை லேசராகவே விட்டுவிடலாம். 'சீரொளி' அழகான சொல், ஆனால் ஆய்வகத்தில் யாரும் அப்படிக் கேட்டு வாங்குவதில்லை.