எல்லைச் சோதனை: சொல் விளக்கம்

2024 செப்டம்பரில் "எல்லைகளை மூடியது ஜெர்மனி" என்று தமிழில் ஒரு தலைப்பு என் கண்ணில் பட்டது. ஜெர்மனி எதையும் மூடவில்லை. அந்த மாதம் 16ஆம் தேதி முதல், தன்னைச் சுற்றியுள்ள 9 நாடுகளின் தரை எல்லைகளிலும் போலீஸை நிறுத்தி, வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்கத் தொடங்கியது. கார்களும் ரயில்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. மதகில் ஷட்டரை ஒரு சாண் இறக்குவதும் வாய்க்காலைத் தூர்ப்பதும் ஒன்றா? டெல்டாவில் எந்த விவசாயியைக் கேட்டாலும் வித்தியாசம் சொல்வார். இந்த வித்தியாசம் தமிழில் தெளிவாக வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஐரோப்பாவில் 29 நாடுகள் தங்களுக்கு இடையே உள்ள எல்லைகளில் ஆளை நிறுத்திச் சோதிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். பிரான்சும் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் சந்திக்கும் முக்கு அது. 1985 ஜூன் 14 அன்று, அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் 5 நாடுகள் கையெழுத்துப் போட்டன. சோதனை உண்மையிலேயே நின்றது 1995 மார்ச் 26 அன்றுதான். கடைசியாக, பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லையிலும் முழுமையாகச் சேர்ந்தன.

ஆனால் இந்த ஒப்புதலை நடத்தும் ஷெங்கன் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. பொது ஒழுங்குக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புக்கோ கடுமையான ஆபத்து என்றால், வேறு வழியே இல்லாத நிலையில், கொஞ்ச காலத்துக்கு எல்லையில் சோதனையை மறுபடி வைத்துக்கொள்ளலாம். இந்தச் செயலைத்தான் தமிழில் "எல்லைக் கட்டுப்பாடுகளை மீண்டும் அறிமுகப்படுத்துதல்" என்று எழுதிவருகிறோம். எனக்கு இந்தத் தொடர் பிடிக்கவில்லை. அறிமுகம் என்பது முதல் சந்திப்பு. ஒருவரை எத்தனை தடவை அறிமுகப்படுத்த முடியும்? 'கட்டுப்பாடு' என்ற சொல்லும் இங்கே அகலமாக இருக்கிறது. விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு என்று எங்கும் போய் உட்காரும் அந்தச் சொல், எல்லையில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. நடப்பது நிறுத்துவதும் பார்ப்பதும். அதற்கு மக்கள் வாயில் இருக்கும் சொல் செக்போஸ்ட். "திரும்பவும் செக்போஸ்ட் போட்டுட்டாங்க" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரியில் சட்டத்தின் முழுப் பொருளும் வந்துவிடுகிறது.

'செக்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வேர் பாரசீகத்தில் இருக்கிறது. அரசன் என்று பொருள்படும் 'ஷா'தான் அது. சதுரங்கத்தில் ராஜாவை மறிக்கும்போது சொல்லப்பட்ட அந்தச் சொல் அரபி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் செக் ஆனது. மறித்து நிறுத்துவதுதான் அதன் மூத்த பொருள். சரிபார்ப்பது பிறகு வந்த பொருள். செக்போஸ்ட்டில் இன்றும் இந்த வரிசையில்தான் காரியம் நடக்கிறது. முதலில் மறிப்பு, அப்புறம் பார்வை.

இதற்குத் தமிழில் நாம் வைத்திருப்பது சோதனைச்சாவடி. நல்ல சொல்தான். சோதனை, தூய்மை செய்தல், ஆராய்தல் என்று பொருள் தரும் வடசொல்லின் வழி வந்தது. "என்ன சோதனைடா சாமி" என்று தலையில் கை வைக்கும்போது வரும் சோதனையும் அதுதான். சாவடியின் கதை இன்னும் சுவையானது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் இதற்கு உறவுச்சொற்கள் உண்டு. ஆங்கிலேயர் இதைக் காதில் வாங்கி 'சௌல்ட்ரி' ஆக்கிக்கொண்டார்கள். வழிப்போக்கன் மூட்டையை இறக்கி, காலை நீட்டி, ஒரு வாய் தண்ணீர் குடித்து இளைப்பாறும் திறந்த மண்டபம் சாவடி. ஊர்ப் பஞ்சாயத்தும் அங்கேதான் கூடும். போகிறவன் தானாக நின்ற இடம், இப்போது போகிறவனை நிறுத்தும் இடமாகிவிட்டது.

'சுங்கச்சாவடி' என்று இதை எழுதக் கூடாது. அங்கே கேட்பது காசு. ஷெங்கன் எல்லையில் யாரும் காசு கேட்பதில்லை, சீட்டைத்தான் கேட்கிறார்கள். ஆனால் சுங்கம் என்ற சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. நம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

பூம்புகாரில் சுங்கம் வாங்கியவர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கதிரவனின் தேரில் பூட்டிய குதிரைகள் மாதிரி நாள்தோறும் ஓயாமல் 'உல்கு' வாங்கினார்களாம். உல்கு என்றால் சுங்கப் பொருள். 756ஆம் குறளிலும் 'உல்கு பொருள்' என்று வருகிறது. வரி வாங்கிய பிறகு மூட்டைமேல் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே அனுப்பினார்கள். 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்பது பாட்டின் வரி. இன்றைக்கு "எல்லைக்கு சீல்" என்று செய்தித்தாளில் படித்தால் அடைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்கிறோம். பூம்புகாரில் சீல் வைத்தால், போகலாம் என்று அர்த்தம்.

அதே சோழ நாட்டில், 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனைக் கல்வெட்டுகள் 'சுங்கந் தவிர்த்த' சோழன் என்று அழைக்கின்றன. இந்தத் 'தவிர்த்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். இன்று தவிர்ப்பது என்றால் விலகிப் போவது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்க்கிறோம், கடன்காரரைத் தவிர்க்கிறோம். கல்வெட்டில் அது நடப்பில் இருந்த ஒன்றை நிறுத்துவது, நீக்குவது. ஷெங்கன் நாடுகள் 1995இல் செய்ததற்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் வேறு என்ன வேண்டும்? அவை சோதனை தவிர்த்த நாடுகள்.

இந்தக் கதை டெல்டாவுக்கு ஏதோ தூரதேசத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 1845இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் அவர்கள் கட்டிய நகர வாசல் இன்னும் நிற்கிறது. அதன் கீழேதான் வண்டிகள் போய்வருகின்றன. அங்கிருந்து தெற்கே காரைக்கால், பிரெஞ்சுக்காரர்களுடையது. இன்னும் தெற்கே நாகப்பட்டினம், 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஒரே கடற்கரைச் சாலையில் மூன்று ஐரோப்பிய எல்லைகள். இன்றைக்கு அதே டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றும் தங்கள் சொந்த எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்த நாடுகளின் வரிசையில் இருக்கின்றன. பிரான்ஸ் 2015 நவம்பரில், டென்மார்க் 2016 ஜனவரியில், நெதர்லாந்து 2024 டிசம்பரில்.

காரைக்கால் கதை ஷெங்கனுக்கு இன்னும் நெருக்கம். பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் 1941இல் ஒரு சுங்க உடன்பாடு செய்துகொண்டன. சரக்கு தடையில்லாமல் வந்துபோனது. 1949இல் சுதந்திர இந்தியா அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டதும் சுங்கக் காவல் எல்லைக்குத் திரும்பியது. ஒரே வயல்வெளி, ஒரே பேச்சு, கொண்டு கொடுத்த உறவு. நடுவில் மட்டும் ஒரு மூங்கில் தடுப்பு. 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி அது முடிந்தது 1962இல்.

முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். 2020 ஊரடங்கில் மாநில எல்லை திரும்ப முளைத்தது. என் அத்தை வீடு காரைக்கால் பக்கம், எங்கள் வீடு தமிழ்நாட்டுப் பக்கம். இடையில் நாலு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு தார் டிரம், குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை, நுனியில் சிவப்புத் துணி. மருந்துப் பையும் ரேஷன் கார்டும் கையுமாக நின்றேன். "எங்க போறீங்க? பாஸ் இருக்கா?" என்றார் காவலர். இல்லை. பையைப் பிரித்து ஒவ்வொரு அட்டையாக மாத்திரையைப் பார்த்தார். இன்சுலினைத் தொட்டபோது அது இன்னும் ஜில்லென்று இருந்ததைக் கவனித்து, "சீக்கிரம் குடுத்துட்டு வாங்க" என்று கட்டையைத் தூக்கினார். அன்று சாயங்காலம் அத்தை போனில், "ஏண்டா, வாய்க்காலைத் தாண்டி வர்றதுக்கா சீட்டு கேட்டான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எழுபது வருஷத்துக்கு முன்னால் அத்தையின் அப்பாவும் இதையேதான் கேட்டிருப்பார்.

பிரான்சிலிருந்து ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜெர்மனிப் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவருக்கும் இதே கேள்விதான். அவர் பயணம் நிற்கவில்லை, தாமதமாகிறது. ஆனால் அந்தத் தாமதம் எத்தனை நாளைக்கு? அங்கேதான் 'தற்காலிகம்' என்ற சொல் சிக்கலாகிறது. ஆஸ்திரியாவில் ஒரு வழக்கு. ஸ்லோவேனியாவிலிருந்து வந்த ஒருவர் ஷ்பீல்ஃபெல்ட் எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்தார். 36 யூரோ அபராதம். அவர் விடவில்லை. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆபத்தைக் காரணம் காட்டி 6 மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது, புதிதாக வேறு ஆபத்து வந்தால்தான் மறுபடி வைக்கலாம் என்று 2022 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பு வந்தது. அப்புறம் 2024இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆறு ஆறு மாதமாக 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம், மிக அரிதான நிலையில் அதற்கு மேலும் போகலாம். பிரான்ஸ் 2015இல் வைத்த சோதனை, காரணம் மாறி மாறிப் பத்து ஆண்டைத் தொட்டது. 2025 ஜூலை 7 முதல் போலந்தும் ஜெர்மனி, லித்துவேனியா எல்லைகளில் சோதனையைத் தொடங்கியது. பக்கத்து வயல்காரர் ஷட்டரை இறக்கினால் நாமும் இறக்குவோமே, அந்தக் கணக்குதான்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ஷெங்கன் சட்டம் எல்லையை இரண்டாகப் பிரிக்கிறது. உறுப்பு நாடுகளுக்கு இடையே இருப்பது உள்ளெல்லை. அந்தப் பகுதிக்கு வெளியே உள்ள நாடுகளைத் தொடுவது வெளியெல்லை. இந்த இரண்டையும் தாராளமாகப் புழக்கத்தில் விடலாம், கேட்டவுடன் விளங்கும். நம் செய்திக்குரிய சொல் 'உள்ளெல்லைச் சோதனை'. அதைச் செய்வதை 'தவிர்த்த சோதனையை மீண்டும் வைத்தல்' என்பேன். தலைப்புக்கு நீளம் என்றால் 'எல்லையில் மீண்டும் சோதனை' போதும். 2020இல் பல நாடுகள் உண்மையிலேயே ஆளை உள்ளே விடாமல் நிறுத்தினவே, அதற்கு மட்டும் 'எல்லை அடைப்பு' என்று எழுதுவோம். தஞ்சம் கேட்டு வருகிறவர்களை எல்லையிலேயே வந்த வழியே அனுப்புவது மூன்றாவது காரியம். அது 'திருப்பியனுப்புதல்'. சோதனை வைத்திருக்கிறார்கள் என்பதாலேயே திருப்பியனுப்பும் உரிமை வந்துவிடாது. 2025 ஜூனில் பெர்லின் நீதிமன்றம் ஒன்று மூன்று சோமாலியர்கள் வழக்கில் இந்த இடத்தில்தான் அரசை மறித்தது. மூன்றையும் 'எல்லை மூடல்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால், யாருக்கு என்ன உரிமை போயிற்று என்று படிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

'கடவு' என்ற சொல்லையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். கடந்து போகும் வழி அது. கடவுச்சீட்டில் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. எல்லையைத் தாண்டும் இடத்துக்கு 'எல்லைக் கடவு' என்றால், அங்கே சோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் பொருந்தும்.

செக்போஸ்ட்டை வாயிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் இரண்டு எல்லை வரும், வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். சாராயப் பாட்டிலைத் தேடி ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி, மேலே வைத்திருக்கும் பைகளை விரலால் தட்டிப் பார்ப்பார் சில நாள். பல நாள் யாரும் ஏறுவதில்லை. கண்டக்டர் மட்டும் தவறாமல் குரல் கொடுப்பார்: "செக்போஸ்ட் எறங்குறவங்க முன்னாடி வாங்க!"