தண்ணீருக்கு முன்னால் ஏன் ‘எல்’?

ஸ்பானியம் படிக்க உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள்: பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். ஆங்கிலத்தின் ‘தி’ இருக்கும் இடத்தில் ஆண்பாலுக்கு ‘எல்’, பெண்பாலுக்கு ‘லா’. புத்தகம் ‘எல் லிப்ரோ’, மேசை ‘லா மேசா’. பன்மையில் ‘லோஸ் லிப்ரோஸ்’, ‘லாஸ் மேசாஸ்’. (நம் மேசையும் இந்தக் குடும்பம்தான். போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. வரும் வழியில் பெண்பாலைக் கழற்றிப் போட்டுவிட்டது.)

அப்புறம் ஒரு நாள் தண்ணீர் வரும்: ‘எல் ஆகுவா’. சரி, ஆண்பால் போல என்று நினைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீர் கேட்கப் போனால், ‘எல் ஆகுவா ஃப்ரீயா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஃப்ரீயா பெண்பால் வடிவம். ஆண்பாலாக இருந்தால் ஃப்ரீயோ. பன்மைக்குப் போனால் ‘லாஸ் ஆகுவாஸ்’, அதுவும் பெண்பால். ஆக, தண்ணீர் பெண்பால்தான். முன்னால் நிற்கும் ‘எல்’லுக்கு அங்கே என்ன வேலை?

ஸ்பானியத்தின் தாயான லத்தீனில் ‘எல்’, ‘லா’ போன்ற சொற்களே கிடையாது. ‘அந்த’ என்ற சுட்டுதான் இருந்தது: ஆண்பாலுக்கு ‘இல்லே’, பெண்பாலுக்கு ‘இல்லா’. பேச்சில் ‘அந்த வீடு’, ‘அந்த ஆள்’ என்று எதற்கெடுத்தாலும் சேர்த்துச் சேர்த்து, சுட்டிக்காட்டும் வலு போய், வெறும் அடையாளமாகத் தேய்ந்துவிட்டது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று நாம் சொல்லும்போது யாரும் ராஜாக்களை எண்ணுவதில்லையே, அதுபோல.

‘இல்லா’ முதலில் ‘எலா’ ஆனது. பெரும்பாலான சொற்களுக்கு முன்னால் அதன் தலை உதிர்ந்து ‘லா’ மிஞ்சியது. ஆனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், வால் அந்த உயிரோடு கரைந்து ‘எல்’ மிஞ்சியது. எலா ஆகுவா, எல் ஆகுவா. அதாவது இந்த ‘எல்’ ஆண்பால் ‘எல்’ இல்லவே இல்லை. ஒரே கயிற்றை வேறு முனையில் அறுத்ததால் வந்த துண்டு. உருவம் மட்டும் தற்செயலாக ஒன்று.

பழைய ஸ்பானியத்தில் வாளைக்கூட ‘எல் எஸ்பாதா’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்று அது ‘லா எஸ்பாதா’. அழுத்தி உச்சரிக்கும் ‘ஆ’ ஒலியில் தொடங்கும் சொற்களிடம் மட்டும் பழைய வழக்கம் தங்கிவிட்டது: ஆன்மா ‘எல் ஆல்மா’, பசி ‘எல் ஆம்ப்ரே’. தோழியை ‘லா அமீகா’ என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே அழுத்தம் ‘மீ’யில் விழுகிறது. நடுவில் வேறு சொல் புகுந்தாலும் ‘லா’ திரும்பிவிடும்: ‘அதே தண்ணீர்’ என்றால் ‘லா மிஸ்மா ஆகுவா’. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதும் நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. காது கேட்பதைத்தான் இலக்கணம் எழுதி வைக்கிறது. ஸ்பானியர்களே சில நேரம் ஏமாந்து, ‘இந்தத் தண்ணீர்’ என்பதற்கு ‘எஸ்தா ஆகுவா’ என்று சொல்லாமல் ஆண்பாலில் ‘எஸ்தே ஆகுவா’ என்று சொல்லிவிடுவார்கள்.

தமிழில் பாலைத் தீர்மானிப்பது பொருள். ஸ்பானியத்தில் பெரும்பாலும் சொல்லின் வரலாறு. ‘மானோ’ என்ற கை ‘ஓ’வில் முடிந்தாலும் பெண்பால், ஏனென்றால் லத்தீனிலும் அது பெண்பால். மீசை வைத்த ஆள் விபத்தில் சிக்கினாலும் அவர் ‘லா விக்திமா’தான் (பாதிக்கப்பட்டவர் என்று பொருள், சொல் பெண்பால்).

இதில் எனக்குப் பிடித்தது விறகின் கதை. லத்தீனில் மூன்றாவதாக ஒரு பால் இருந்தது, அலிப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ‘லிக்னும்’ என்றால் மரக்கட்டை, பன்மை ‘லிக்னா’. அந்தப் பால் அழிந்தபோது அதன் சொற்களில் பல ஆண்பாலில் போய்ச் சேர்ந்தன. ‘லிக்னா’வோ ‘ஆ’வில் முடிந்ததால், மக்கள் அதைப் பெண்பால் ஒருமை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ‘எல் லேன்யோ’ ஒற்றைக் கட்டை, ‘லா லேன்யா’ மொத்தமாக விறகு. பன்மையாக இருந்தது பெண்பாலாகிவிட்டது!

இத்தனை சுமையால் பலன் உண்டா? 2007இல் கேசி லூ-வில்லியம்ஸ், ஆன் ஃபெர்னால்டு என்ற ஆய்வாளர்கள், ஸ்பானியம் பேசி வளரும் சுமார் 3 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டிரண்டு படங்களாகக் காட்டிக் கண் போகும் திசையைக் கவனித்தார்கள். ஒரு பக்கம் பந்து (‘லா பெலோத்தா’), மறுபக்கம் ஷூ (‘எல் சபாத்தோ’, இலங்கைத் தமிழரின் சப்பாத்துக்கு உறவு) என்று வைத்துக்கொள்வோம். பால் வேறுபட்ட இப்படிப்பட்ட ஜோடிகளில், ‘லா’ என்ற ஒலியையே துப்பாகப் பிடித்துக்கொண்டு கண் சீக்கிரம் பந்துக்குப் போனது. இரண்டு படமும் ஒரே பால் என்றால் அந்தச் சலுகை இல்லை. பிறகு, வளர்ந்தபின் ஸ்பானியம் கற்ற பெரியவர்களிடம் நன்கு தெரிந்த சொற்களையே வைத்துப் பார்த்தார்கள். ‘லா’ அவர்களுக்கு உதவவில்லை. கண்கள் பெயர்ச்சொல்லுக்காகக் காத்திருந்தன.