ரெக்கார்டில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், பரணில் கிடந்த பழைய இசைத்தட்டுகள் பூசணம் பூத்து வெளியே வரும். அதில் சில பளபளவென்று வரும். பார்த்தாலே வயிறு எரிகிறது. தேங்காய் எண்ணெய்!

"எண்ணெ தடவினா கரகரப்பு போயிடும்" என்று யார் சொல்லிவைத்தார்களோ, கும்பகோணம் மயிலாடுதுறைப் பக்கம் இன்னும் இந்த வைத்தியம் நிற்கவில்லை. முதல் தடவை சத்தம் குறைவது உண்மை, அதனால்தான் நம்புகிறார்கள். எண்ணெய் காய்ந்து போவதில்லை. பள்ளத்திலேயே தங்கி, தூசியைப் பிடித்துப் பிசினாகிறது. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசி முனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கண்மை அப்பியதுபோல் கறுப்பாக ஓர் உருண்டை. அது பள்ளத்தில் சரியாக உட்காரவே உட்காராது. நாகஸ்வரம் சளி பிடித்த தொண்டைபோல் கேட்கும். அடுத்த வாரம் கரகரப்பு இரட்டிப்பாகும்.

எல்பி (பெரிய தட்டு), இபி (சின்னத் தட்டு) என்றால் வினைல், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். கழுவ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு. போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்தால் அதுவே படபடக்கும். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் வட்டத்திலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளியும்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டான '78' வேறு ஜாதி. அது அரக்கு. ஸ்பிரிட், சானிடைசர் எது பட்டாலும் கரையும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், பஞ்சில் கறுப்பாக வருவது அழுக்கு இல்லை, தோடி. சோப்புத் தண்ணீரில் துடைத்த கையோடு உலர்த்திவிடுங்கள். விரிசல் விட்ட தட்டில் தண்ணீரே படக்கூடாது. அரக்கோடு கல்தூள் கலந்திருப்பதால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதைப் போக்கத் தேய்க்காதீர்கள்.

ஊசியையும் பாருங்கள். எல்பி ஊசியின் முனை 0.7 மில், 78 ஊசியின் முனை 3 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசியில் 78 போட்டால் பள்ளத்தின் அடியில் அழுக்கிலேயே ஓடும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் ஊசி மாற்றத் திருப்பும் நெம்பு இருந்தால் மறக்காமல் திருப்புங்கள். முனையைப் பின்னிருந்து முன்னாக மட்டும் பிரஷ் செய்யுங்கள், விரல் வைக்காதீர்கள்.

தயவுசெய்து, பூசணம் பிடித்த தட்டை 'பாடுதா பாப்போம்' என்று கழுவாமல் போடாதீர்கள். கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திரும்பத் திணிக்கவும் வேண்டாம். பூசணம் அங்கேதான் குடியிருக்கிறது. புது உள்ளுறை வாங்கிப் போட்டு, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.