வேதியியல் மாற்றம்: சொல்லும் பொருளும்

'வேதியியல் மாற்றம்' என்பது ஒரு பொருள் தன் இயைபு, அதாவது அதில் எவை எவ்வாறு சேர்ந்துள்ளன என்பது, மாறி வேறொரு பொருளாகிவிடுவதைக் குறிக்கும் கலைச்சொல். வடிவமோ அளவோ நிலையோ மட்டும் மாறி, பொருள் அதே பொருளாக நீடித்தால் அது 'இயற்பியல் மாற்றம்'. முன்னர் இவை இரசாயன மாற்றம், பௌதிக மாற்றம் எனப்பட்டன. இலங்கைத் தமிழர் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். 'பௌதிகம்' என்பது ஐம்பூதங்களைச் சுட்டும் 'பூதம்' என்ற வடசொல்லின் வழிவந்தது. 'இரசாயனம்' முதலில் உடலை வலுவாக்கும் மருந்தைக் குறித்துப் பின்னரே அறிவியல் துறையின் பெயராயிற்று.

'வேதி' என்பதை வேதியரோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. 'வேதியர்' என்பது வேதத்தின் வழிவந்த வேறு சொல். இங்குள்ள 'வேதி', ஒன்றன் தன்மையை வேறாக்குதல் என்னும் பொருளுடைய 'வேதித்தல்' என்பதன் அடி. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சியைச் சித்தர் மரபு 'வேதை' என்றது. வடமொழி இரசநூல்களிலும் அச்செயலுக்கு ஏறத்தாழ இதே பெயர்தான். செம்பு பொன்னாகவில்லை என்றாலும், பொருள் வேறாதல் என்னும் கருத்து சொல்லில் தங்கிவிட்டது.

வகுப்பறையில் நாம் அடிக்கடி கேட்கும் 'மீண்டால் இயற்பியல், மீளாவிட்டால் வேதியியல்' என்னும் விதியைவிட இச்சொல் துல்லியமானது. தாளைக் கிழித்தால் பழைய தாள் திரும்பாது. ஆயினும் துண்டுகள் தாளே. இதற்கு எதிரான சான்று மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி உழவர்கள் பயிர்மருந்தாக அறிந்துள்ள இந்நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயிலிட்டு, ஆசிரியர் மேற்பார்வையில், மெல்லச் சூடாக்கினால், படிகத்தோடு பிணைந்திருந்த நீர் ஆவியாக வெளியேறி வெண்பொடி எஞ்சும். ஆறியபின் சில துளி நீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். மீள்கிறது, ஆனாலும் வேதியியல் மாற்றமே; ஏனெனில் வெண்பொடியும் நீலப் படிகமும் இயைபில் வெவ்வேறு பொருள்கள்.

குமிழி வருவதை வேதியியல் மாற்றத்தின் அடையாளமாகக் கொள்வதிலும் இதே இடர் உண்டு. இம்மாவட்டங்களில் புளிக்குப் பஞ்சமில்லை. கெட்டியான புளிக்கரைசலில் ஆப்பச் சோடாவைப் போட்டால் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளியிடும். அவ்வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். கொதிக்கும் நீரிலும் குமிழி எழுகிறது, ஆனால் அது நீராவி; குளிர்ந்த தட்டில் பட்டதும் நீர்த்துளியாகிவிடும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி குமிழி வந்ததா என்பதன்று, அக்குமிழிக்குள் இருப்பது என்ன என்பதே.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வின் வழி, அங்கு இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 அளவில் இருந்ததென 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரும்புத் தாது பெரும்பாலும் ஆக்சைடு. கரி எரியும் உலையில் அதிலுள்ள ஆக்சிஜன் நீங்கி இரும்பு கிடைப்பது வேதியியல் மாற்றம். அந்த இரும்பைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி அரிவாளாக அடிப்பது, மேலே உதிரும் ஆக்சைடுச் செதிளை விட்டுவிட்டால், இயற்பியல் மாற்றம். பின்னர் நீரும் காற்றும் சேர்ந்து அரிவாளில் துருவேற்றுவது மறுபடியும் வேதியியல் மாற்றம். ஓர் ஆணியை ஈரத்திலும், இன்னொன்றைக் காய்ச்சி ஆறி எண்ணெய் மிதக்கவிட்ட நீரிலும், மூன்றாவதை உலர்ந்த காற்றிலும் சில நாள் வைத்துப் பார்த்தால், துருவுக்கு நீர், ஆக்சிஜன் இரண்டுமே தேவையென்பது மாணவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதும்போது 'வேதி மாற்றம்' என்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மாறுவது பொருளேயன்றித் துறை அன்று என்பதால் 'இயல்' அங்கு மிகை. இயற்பியல் மாற்றத்திற்கு அத்தகைய குறுஞ்சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'நிலைமாற்றம்' என்றால் உருகுதலும் உறைதலும் அடங்கும், கிழிதலும் நொறுங்குதலும் அடங்கா.