படிவம் அச்சடிக்கும் முன்னால் வாருங்கள்

இந்த வருடத்தில் என்னிடம் இப்படி வந்த ஏழாவது ஆய்வு மாணவர் இவர். கட்டைப்பை நிறைய கேள்விப் படிவம், 412 பிரதி, எல்லாம் நிரப்பியது. கொண்டுவந்த பெண் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று நாலு மாதம் வெயிலில் அலைந்திருக்கிறார். அஸ்தம்பட்டியில் என் வீட்டு வராண்டாவில் பையை இறக்கிவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "சார், டேட்டா ரெடி. இதுக்கு என்ன ஹைப்போதீசிஸ் போடலாம்?"

ஹைப்போதீசிஸ் என்றால் கருதுகோள்: இப்படித்தான் இருக்கும் என்று டேட்டா வாங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டிய ஊகம். புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு வேலை கூடிப்போனதற்கு இந்தக் கேள்விதான் காரணம். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பந்தியும் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடக் கிளம்புகிறார்கள்.

தலைப்பைக் கேட்டேன். 'வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: சேலம் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு.' சேலத்தை எடுத்துவிட்டு நாமக்கல் என்று போடுங்கள், கொலுசை எடுத்துவிட்டு லாரி பாடி கட்டுபவர்கள் என்று போடுங்கள். உள்ளே இருக்கும் ஐந்து அத்தியாயத்தில் ஒரு வரி மாறாது. அப்படி மாறாமல் இருந்தால் உங்களிடம் இருப்பது தலைப்பு மட்டும்தான், ஆய்வுச் சிக்கல் இல்லை.

"ஏம்மா, நாலு மாசம் அந்தத் தெருவெல்லாம் திரிஞ்சீங்களே, எதைப் பார்த்து 'இது ஏன் இப்படி'ன்னு தோணுச்சு?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "வெள்ளி விலை ஏறினா வேலை குறைஞ்சிடுதுன்னு எல்லாருமே சொன்னாங்க சார். ஆனா ஒரே சந்துல ஒரு வீட்டுல பட்டறை ஓடுது, பக்கத்து வீட்டுல மூணு வாரமா அடுப்பே பத்த வைக்கலை. அதான் புரியலை."

அதான் புரியலை என்றாரே, அதுதான் சிக்கல். நாலு மாதமாக அவர் கூடவே நடந்திருக்கிறது, படிவத்தில் மட்டும் இல்லை.

இன்னும் கொஞ்சம் பேசினோம். சில வீட்டுக்காரர்கள் சொந்த முதல் போட்டு வெள்ளி வாங்கிக் கொலுசு செய்கிறார்கள். சிலர் வியாபாரியிடம் வெள்ளியை வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுக்கிறார்கள். விலை ஏறும்போது யாருக்கு முதலில் வேலை நிற்கும்? கூலிக்காரருக்குத்தான், வியாபாரி வெள்ளியைக் கொடுக்க மாட்டார் என்று ஒருவர் சொல்லலாம். இல்லை, சொந்த முதல்காரருக்குத்தான், அவர் கையிலிருக்கும் பணத்துக்கு முன்பு வாங்கிய எடை இப்போது கிடைக்காது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. இதில் ஒரு பக்கம் நின்று, 'விலை ஏறிய மாதங்களில் கூலிக்குச் செய்யும் வீடுகளில் வேலை நாள் குறைவது, சொந்த முதல் போடும் வீடுகளைவிட அதிகம்' என்று எழுதினால் அது கருதுகோள். எண்ணிப் பார்க்கலாம். தப்பாகிப் போகவும் வாய்ப்பிருக்கிறது. தப்பாகவே முடியாத வாக்கியம் கருதுகோள் இல்லை.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 38 கேள்வி. வீட்டில் டி.வி. இருக்கிறதா, பிரிட்ஜ் இருக்கிறதா, இரு சக்கர வாகனம் எத்தனை. வெள்ளி யாருடையது என்ற கேள்வி இல்லை. போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது என்பதும் இல்லை. 412 பேரிடமும் டி.வி. பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

(சாம்பிளுக்கு ஏன் 412 பேர் என்றும் கேட்டேன். 384க்குக் குறையக் கூடாது என்று கைடு சொன்னாராம். கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970இல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேர் உள்ள கூட்டத்துக்கு வரும் சாம்பிள் அளவு அது. நம் ஊரில் 200 பேர் வேலை பார்க்கும் மில்லைப் பற்றிய ஆய்விலும் அதே 384 வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

டேட்டா வாங்கிய பிறகு கருதுகோள் எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். 38 கேள்வியையும் வயது, பால், படிப்பு என்று குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டால் எங்காவது 0.05க்குக் கீழே ஒரு பி வேல்யூ சிக்கும். (தொடர்பே இல்லாவிட்டாலும் இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி வேல்யூ; 0.05க்குக் கீழே போனால் தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம்.) உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் தனித்தனியாக 20 சோதனை போட்டாலே, ஒன்றாவது சும்மா சிக்குவதற்கு 64 சதவீத வாய்ப்பு. சிக்கியதை முதல் அத்தியாயத்தில் கொண்டுபோய் 'எமது கருதுகோள்' என்று வைக்கிறார்கள். இதற்கு நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1998இலேயே ஹார்க்கிங் என்று பெயர் வைத்துவிட்டார்.

அடுத்தது, எனக்கு ரத்த அழுத்தம் ஏற்றும் விஷயம்: கருதுகோள் 'பொய்த்துவிட்டால்' தீசிஸ் தோல்வி என்ற நினைப்பு.

போன வருடம் ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல கேள்வி வைத்திருந்தான். அராபிகா காபியைக் கெடுக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு வெயில் படும் செடிதான் பிடிக்கும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நிழல் குறைந்த இடங்களில் தாக்கப்பட்ட செடிகளின் விகிதம் கூடுதலாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி, 12 இடங்களில் செடி செடியாகப் பட்டையைப் பார்த்து எண்ணியிருந்தான். வித்தியாசம் தெரியவில்லை. பயந்துபோய், "ரெண்டு இடத்தை எடுத்துட்டா வந்துடும்னு சொல்றாங்க சார்" என்றான். சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

தம்பி, கருதுகோள் என்பது நீ ஜெயிக்க வேண்டிய வழக்கு இல்லை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் எதுவானாலும் பதில்தான். 'வித்தியாசம் தெரியவில்லை' என்பதும் முடிவுதான். அதை அப்படியே எழுது. ஆனால் 'வித்தியாசமே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது' என்று எழுதிவிடாதே, அது அடுத்த தப்பு. கொலுசுத் திருகாணி தொலைந்தால் விளக்கடியில் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு 'வீட்டிலேயே இல்லை' என்று சொல்ல முடியுமா? நீ பார்த்தது 12 இடம். இருக்கும் வித்தியாசத்தைக் காட்ட அது போதாமலும் இருக்கலாம். 'வித்தியாசம் இல்லை' என்று வைத்துக்கொண்டு தொடங்கும் இன்மைக் கருதுகோளை (நல் ஹைப்போதீசிஸ்) ஒருபோதும் நிரூபிக்க முடியாது, மறுக்க மட்டுமே முடியும் என்று புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் எழுதினார். இன்றைக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் 'நல் ஹைப்போதீசிஸ் நிரூபிக்கப்பட்டது' என்று ஸ்லைடு ஓடுகிறது, மேடையிலிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

அதே ஃபிஷர் சொன்ன தேநீர்க் கதை பலருக்குத் தெரியும். ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார். எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பு. நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது வேறு: எத்தனை கோப்பை, எத்தனை சரியானால் ஒப்புக்கொள்வது என்பதெல்லாம் முதல் வாய் குடிப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை.

பி.எட்., எம்.எட். மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று வரிசையாக 14 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' கருதுகோள் எழுதாதீர்கள். வேறுபாடு ஏன் இருக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள். முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். இரண்டு கருதுகோள் உள்ள தீசிஸை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அப்புறம், எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் வேண்டும் என்றும் இல்லை. சேர்வராயன் மலைக் கிராமத்தில் உட்கார்ந்து பெரியவர்களிடம் வழக்காறு சேகரிப்பவருக்கு எதற்கு பி வேல்யூ? அவருக்கு நல்ல கேள்வி இருந்தால் போதும்.

களத்துக்கு நாலு நாள் வெறுங்கையோடு போய் வாருங்கள். உறுத்தியதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்தக் கருதுகோளுக்கு என்று பென்சிலில் குறியுங்கள். குறி விழாத கேள்வியை எடுத்துவிடுங்கள். பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன், காசு எதுவும் வேண்டாம்.

கட்டைப்பைப் பெண் அன்று வராண்டாவிலேயே கொஞ்சம் அழுதார். பிறகு அரைப் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதினோம். 412 படிவத்தில் வீட்டு எண் குறித்துவைத்தது 260தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடுகளுக்கு மறுபடி போகிறார். போன வாரம் வரை 90 முடிந்திருக்கிறது.